ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

வளையலுக்கென்று சேர்த்த சீட்டுப் பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தி. நகர் பக்கமே திரும்பாமல் ரிச்சி தெருவுக்குப் போன பெண்மணி கும்மிடிப்பூண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்! போனேன், கம்ப்யூட்டர் வாங்கினேன். முழுசாக இல்லை, தனித்தனி உதிரிகளாக. அதுவும் விளையாட்டு விளையாடுகிற கம்ப்யூட்டர். ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்று என் தங்கை போனில் கேட்டாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடி எங்கள் ஊர். இன்னும் கொஞ்சம் போனால் ஆரம்பாக்கம், தடா, அப்புறம் ஆந்திராதான். புறநகர் மின்சார ரயில் வரும், கல்கத்தா நெடுஞ்சாலை வரும், சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலைகள் இங்கே நிறைய. ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் வானத்தில் ஒரு பக்கம் சிவப்பாக இருக்கும். புதிதாகக் கல்யாணமாகி வந்தபோது எங்கேயோ தீப்பிடித்துவிட்டதென்று நான் அலறியதை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவர் அப்படி ஓர் ஆலையில்தான் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன்.

இந்த ஊரில் குடித்தனம் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம் அத்துப்படி. ஒன்று தூசி. கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டியை விரலால் தேய்த்துப் பார்த்தால் கரி தெரியும். இன்னொன்று கரண்ட். எங்கள் தெருவில் சாயங்காலமானால் மின்விசிறி ஒரு நிமிஷம் பறக்கும், மறு நிமிஷம் சோம்பல் முறிக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டையும் நினைக்காமல் வாங்கிய எங்கள் முதல் கம்ப்யூட்டர் ஒன்பதே மாதத்தில் கண்ணை மூடிவிட்டது.

அது 2022-ல் நடந்தது. பெரியவன் பத்தாவது முடித்திருந்தான். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு கடையில் ‘ரெடியாக’ ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். பார்க்க ஜம்மென்று நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது ‘டப்’பென்று ஒரு சத்தம். மீன் கருகின மாதிரி ஒரு நாற்றம். அவ்வளவுதான், போர்டும் போச்சு, டிஸ்க்கும் போச்சு. டிஸ்க்கில் இருந்த என் அம்மாவின் கடைசிப் பொங்கல் படங்களும் அதோடு போயின.

“ராப்பகலா விளையாடியே எரிச்சுட்டான்” என்றார் என் வீட்டுக்காரர். பையன் பதில் பேசவில்லை. அன்றைக்குப் பேசாதவன் அப்புறமும் பேசவில்லை. ‘சாப்பாடு’, ‘பீஸ்’, ‘கையெழுத்து’ என்று வார்த்தைக்கு ஒன்றாக, ஒரு வருஷத்துக்கு மேல் அப்பாவும் பிள்ளையும் அப்படியே இருந்தார்கள். நடுவில் நான் தபால்காரி.

2024-ல் அவன் பிளஸ் டூ முடித்து, அனிமேஷன் சொல்லிக் கொடுக்கிற ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்தான். அந்தப் படிப்புக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமாம். விளையாட்டு ஓட்டுகிற அதே கிராபிக்ஸ் கார்டுதான் பொம்மைப் படம் செய்யவும் உதவுமாம். “ஒரு பைசா கொடுக்க மாட்டேன்” என்று அவர் சொல்லிவிட்டார். சீட்டு எழுபதாயிரம் அந்த மாசம்தான் என் கைக்கு வந்தது.

வைகாசி அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவ பெருமாளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, எரிந்துபோன அந்தப் பெட்டியையும் ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நாத்தனார் வீடு திருவள்ளூரில். பெரியபாளையத்தில் பஸ் மாறும்போது கண்டக்டர், “என்னம்மா, டிவியா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். அதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அமாவாசையென்றால் திருவள்ளூர்க் கோயில் குளத்தருகே எள் போட்டால் எள் விழாது. நோய் தீர வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். என் முழங்காலுக்காக நானும் ஒரு கட்டி கரைத்துவிட்டு, நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாத்தனார் மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். பெட்டியைத் திறந்தவன், உள்ளேயிருந்து செங்கல் அளவில் ஒரு தகரப் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

“அத்தை, எடை பாருங்க.”

“ஒண்ணுமே இல்லியேப்பா, காலி டப்பா மாதிரி இருக்கு.”

“அதேதான். இதுக்குப் பேரு எஸ்.எம்.பி.எஸ். 500 வாட்டுன்னு மேல ஒட்டியிருக்கான். உள்ள பாதி சாமானே இல்ல. மச்சான் விளையாடி எரியல, இதுதான் எரிச்சுது.”

என் பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த எஸ்.எம்.பி.எஸ். என்ன செய்கிறது என்று அவனே சொன்னான். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறு மின்சாரம். கம்ப்யூட்டருக்குள் ஓடுவதோ 12 வோல்ட், 5 வோல்ட் மாதிரிச் சின்ன அளவு நேர் மின்சாரம். சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் ரெகுலேட்டர் இருக்கிறதே, அந்த மாதிரி. ரெகுலேட்டரில் காசை மிச்சம் பிடிப்போமா? அப்புறம் ‘80 பிளஸ்’ என்று ஒரு முத்திரை உண்டாம். சுவரிலிருந்து உறிஞ்சும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது வீணாக்காமல் உள்ளே கொடுக்கும் என்பதற்கு அத்தாட்சி அது. மிச்சம் சூடாகப் போகும். பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று போகப் போக வீணாவது குறையும், விலை ஏறும். “பிரான்ஸ் போதும் அத்தை. ஆனா பேர் தெரிஞ்ச கம்பெனியா, அஞ்சு வருஷ வாரண்டி உள்ளதா பாருங்க” என்றான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் அநேகமாக எல்லாக் கடையும் மூடியிருக்கும். போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கவரைப்பேட்டை, பொன்னேரி. மீஞ்சூரில் கூடைக்காரம்மாக்கள் ஏறினார்கள். அத்திப்பட்டு தாண்டினால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அப்புறம் எண்ணூர், கழிமுகத்துத் தண்ணீர், உப்புக் காற்று. ‘நம்ம வீட்டுக் கரண்டு இங்கேயிருந்துதான் வருதோ என்னவோ’ என்றேன். பையன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிக்கொண்டே திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு ரயிலிலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அரசினர் தோட்டம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அண்ணா சாலைக்குப் பின்னால், சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். சிந்தாதிரிப்பேட்டை என்கிற பேருக்கே ‘சின்னத் தறிப் பேட்டை’ என்று அர்த்தம் சொல்வார்கள். 1734-ல் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். தறி ஓடிய பேட்டையை ஒட்டிக் கம்ப்யூட்டர் விற்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டேன். என் பையன் ஒரு போடு போட்டான்: “அம்மா, கம்ப்யூட்டரே தறிக்குப் பொறந்ததுதான். ஓட்டை போட்ட அட்டைய வெச்சுப் பூ டிசைன் நெய்யற தறிய 1804-ல பிரான்ஸ்ல ஜக்கார்டுன்னு ஒருத்தர் செஞ்சார். அந்த அட்டைய எடுத்துத்தான் பாபேஜ் கணக்குப் போடற மெஷினுக்குத் திட்டம் போட்டார்.” காஞ்சிபுரம் பட்டில் ஜக்கார்டு பார்டர் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு அது பாட்டி முறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரிச்சி தெரு என்று ஒரு தெருவின் பேரைச் சொன்னாலும், நரசிங்கபுரம் தெரு, அதன் சந்து பொந்தெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சந்தை. ரேடியோ வால்வும் டிரான்சிஸ்டரும் தேடி என் அப்பா அந்தக் காலத்தில் வந்த இடம். தில்லி நேரு பிளேசுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரியது இதுதான் என்கிறார்கள். தலைக்கு மேலே வயர்ப் பந்தல், காலுக்குக் கீழே தண்ணீர், இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாகச் சாமான். தோளில் மானிட்டர் வைத்துக்கொண்டு ஒருவர் ஓடுகிறார், பின்னால் டீ கேனோடு ஒரு பையன். “அக்கா, லேப்டாப்பா? சிசிடிவியா?” என்று இரண்டு பக்கமும் கூப்பிடுகிறார்கள். புடவைக் கடைத் தெருவுக்குப் பழகிய நமக்கு இதெல்லாம் ஜுஜுபி.

முதல் கடையில் என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் மட்டும் பேசினார்கள். ‘அம்மாவுக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ்.’ பத்து நிமிஷத்தில் 75,000-க்கு ஒரு சீட்டு எழுதி நீட்டினார்கள். எழுபதுக்கு மேல் என்னிடம் ஒரு ரூபாய் இல்லை. அப்போது கடைக்காரர் சொன்னார்: “தம்பி, எஸ்.எம்.பி.எஸ்-ஸை மட்டும் சாதாரணமா மாத்திக்கலாம். ரெண்டாயிரத்துக்கே இருக்கு. 600 வாட்.” பையன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

“ஏங்க, அந்த ரெண்டாயிரத்துப் பெட்டிக்கு எத்தனை வருஷம் வாரண்டி? நீங்க குடுப்பீங்களா, கம்பெனி குடுக்குமா? 80 பிளஸ் முத்திரை எங்க இருக்கு, காட்டுங்க.”

கடைக்காரர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். முத்திரை இல்லை. “வேற கடை பாக்கறோம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். கூல்டிரிங்க்ஸைப் பாதியில் விட்டு வந்தது இன்னும் உறுத்துகிறது.

வெளியே ஒரு டீக்கடை வாசலில் நின்று அவனுடைய காகிதத்தை இரண்டு பேருமாகத் திரும்பப் படித்தோம். ‘எனக்கும் புரியற மாதிரி சொல்லுடா’ என்றேன். சொன்னான். சமையல் பாஷையில் நான் புரிந்துகொண்டது இது. பிராசசர்தான் சமையல்காரர். ராம் என்பது காய் நறுக்கி வைக்கிற மேடை. மேடை சின்னதாயிருந்தால் எத்தனை கெட்டிக்காரச் சமையல்காரரும் தடுமாறுவார். எஸ்.எஸ்.டி. என்பது ஸ்டோர் ரூம். மதர்போர்டு அடுக்களையேதான். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தெரியும் படத்தை மட்டும் வரைவதற்கு வைத்திருக்கிற தனி ஆள், கல்யாண மண்டபத்தில் கோலம் போடத் தனியாக ஆள் கூப்பிடுகிற மாதிரி. கூலி அதிகம், சாப்பாடும் அதிகம்!

விளையாட்டுக் கம்ப்யூட்டர் பட்ஜெட்டில் பெரும் பங்கு இந்தக் கோலக்காரிக்குத்தான் போகிறது. பிராசசருக்கு அதிகம் செலவழித்துக் கார்டில் கை வைத்தால் விளையாட்டு திக்கும். பெரிய கார்டு வாங்கிச் சுமார் மானிட்டர் போட்டாலும் வீண்தான். சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 தடவை படத்தை மாற்றும், விளையாட்டு மானிட்டர் 144 தடவையோ அதற்கு மேலோ மாற்றும். கார்டு அத்தனை படம் வரைந்து கொடுத்தாலும் 60-தான் காட்டுவேன் என்கிற மானிட்டருக்கு எதற்குப் பெரிய கார்டு?

அவன் ஆசைப்பட்டது ஆர்.டி.எக்ஸ். 4060. அன்றைய விலை கிட்டத்தட்ட 29,000. அதற்குக் கீழே ஆர்.எக்ஸ். 6600, 20,500. இரண்டிலும் நினைவகம் 8 ஜி.பி.தான், ஆனால் முதலாவதற்கு வேகம் ஜாஸ்தி. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பணம் என்னுடையதுதானே? ஆனால் இரண்டு வருஷம் முந்தி யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கியவன் அவன். இந்தத் தடவையாவது அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“6600 போதும்மா. எஸ்.எம்.பி.எஸ். நல்லதா வாங்கிடலாம். பின்னாடி காசு வந்தா கார்டை மட்டும் மாத்திக்கலாம்” என்றான். உதிரியாக வாங்குவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். மிக்சியில் ஜாரை மட்டும் மாற்றுகிற மாதிரி ஒன்றொன்றாக மாற்றலாம்.

அப்புறம் நாலைந்து கடை ஏறி இறங்கினோம். ஒரே கடையில் எல்லாம் வாங்கினால் பேரம் படிகிறது, தகராறு என்றால் ஒரே இடத்தில் போய் நிற்கவும் வசதி. கடைசியில் சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு சின்னக் கடையில் படிந்தது. அங்கே ஒரு இளம்பெண்தான் பில் போட்டாள். “அம்மா, ஒவ்வொரு சாமானோட சீரியல் நம்பரும் பில்லில் எழுதியிருக்கான்னு பாத்துக்கோங்க. அது இல்லாட்டி வாரண்டிக்கு அலையணும்” என்று அவளாகவே சொன்னாள். நல்லா இருக்கணும் அந்தப் பெண்!

வழியில் ஒருவர் பழைய கார்டு ஒன்றைப் பாதி விலைக்கு நீட்டினார். பையன் தொடக்கூட இல்லை. எதீரியம் என்கிற இணையக் காசை உண்டாக்குவதற்காக உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான கார்டுகளை ராப்பகலாக ஓட விட்டார்களாம். 2022 செப்டம்பரில் அந்த முறையே மாறிப்போனதும் அத்தனை கார்டும் பழைய சாமான் சந்தைக்கு வந்துவிட்டது. கண்ணுக்குப் புதிசாகத் தெரியும், உள்ளே எவ்வளவு உழைத்ததென்று யாருக்குத் தெரியும்? சில நல்லதாகவும் இருக்கலாம். நமக்கு வேண்டாம்.

அன்றைக்கு வாங்கியதைச் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்களுக்கு உதவும். ஏ.எம்.டி. ரைசன் 5 5600 பிராசசர் 11,500. அதற்குப் பொருந்துகிற பி550 மதர்போர்டு 9,000. பிராசசரின் காலும் போர்டின் குழியும் ஒரே இனமாக இருக்க வேண்டும். இது ஏ.எம்.4 இனம், இன்டெல் பிராசசர் இதில் உட்காராது. ராம் 16 ஜி.பி. 3,600. ஒரே பட்டையாக இல்லாமல் எட்டும் எட்டுமாக இரண்டு. இரண்டு பட்டை போட்டால் இரண்டு கையாலும் வேலை செய்கிற மாதிரி வேகம். இதிலும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று ஜாதி உண்டு, ஒன்றின் குழியில் மற்றது நுழையாது. ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. 5,500. 550 வாட் பிரான்ஸ் எஸ்.எம்.பி.எஸ். 4,500. வாங்கியதும் கையில் தூக்கிப் பார்த்தேன், அம்மிக் குழவி மாதிரி கனம்! மானிட்டர் 10,500. கீபோர்டும் மௌஸும் பழசே போதும்.

கேபினெட்தான் என்னுடைய இலாகா. எல்லாக் கடையிலும் முன் பக்கம் கண்ணாடி வைத்து விளக்குப் போட்டதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அழகுதான். ஆனால் காற்று எங்கே போகும்? அடுப்படியில் புகைபோக்கி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினால் என்ன ஆகும்? முன்னால் சல்லடை மாதிரி வலை, அதற்குள் கழற்றிக் கழுவுகிற வடிகட்டி, முன்னாலிருந்து காற்றை இழுக்க விசிறி, பின்னால் வெளியே தள்ள விசிறி. “கும்மிடிப்பூண்டிங்க, கரித்தூசி பறக்கும்” என்றேன். அந்தப் பெண் விளக்கில்லாத ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். 4,000. எல்லாம் சேர்ந்து 69,100. மிச்சம் தொள்ளாயிரத்தில் மதியச் சாப்பாடும் ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோவும். மத்தியானத்துக்கு மேல் ரயிலில் ஆளுக்கு இரண்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம், கல்யாணச் சீர் கொண்டுபோகிற மாதிரி. (2025 கடைசியில் ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது. ஏ.ஐ. வேலைக்கென்று கட்டுகிற பெரிய கம்ப்யூட்டர் மையங்களுக்கே தயாரிப்பாளர்கள் சில்லுகளைத் திருப்பிவிட்டார்கள். நாங்கள் தப்பித்தோம். அதே சமயம் தங்கம் ஏறியதை யாரும் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.)

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்துச் சேர்த்தான். என் வீட்டுக்காரர் பேப்பர் படிப்பதாகப் பேர். பிராசசரின் அடியில் 1,331 ஊசிக் கால்கள், முடி கனம்தான். ஒன்று வளைந்தாலும் பதினோராயிரம் போச்சு. மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம் இருக்கிறது, அதைப் போர்டில் உள்ள முக்கோணத்தோடு பொருத்தி அழுத்தாமல் வைத்தால் தானாக உட்காரும். நான் மூச்சுக்கூட விடவில்லை. நைலான் துணி உடுத்தாதே, நடுநடுவே தகரத்தைத் தொட்டுக்கொள், உடம்பில் இருக்கிற மின்சாரம் சில்லைக் கெடுக்கும் என்று என்னிடமே கட்டளை!

சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், கறுப்பே. எழுபதாயிரம்! பையன் முகம் வெளுத்துவிட்டது. பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. ‘போச்சுடா, இப்போ ஆரம்பிப்பார்’ என்று நான் முருகனைக் கூப்பிட்டேன்.

அவர் எழுந்து வந்து பின்பக்கம் குனிந்து பார்த்தார். “இந்தக் கார்டுலயும் அதே மாதிரி ஓட்டை இருக்கே, வயர எதுல செருகணும்?” என்றார்.

பையன் தலையில் அடித்துக்கொண்டான். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருந்தான். இந்தப் பிராசசருக்குப் படம் காட்டுகிற திறமை கிடையாது, கார்டில்தான் செருக வேண்டும். மாற்றினான். திரையில் எழுத்து வந்தது. “ம்” என்றார் அவர். மறுபடியும் பேப்பர்.

நாலு நாள் கழித்து நான் துடைக்கப் போனபோது பெட்டியின் தகரத்தில் விரல் பட்டு ‘சுரீர்’ என்றது. பெரிய ஷாக் இல்லை, எறும்பு கடித்த மாதிரி. ராத்திரி அவரிடம் சொன்னேன். டெஸ்டரை எடுத்து வந்தார், பிளக் பெட்டியைக் கழற்றினார். வெகு நேரம் பேசாமல் இருந்தார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பச்சை வயரே கொடுக்கவில்லை! வீடு கட்டியபோது வயரிங் செய்த ஆள் மூடி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஆனாலும், எர்த் இல்லாவிட்டால் தகரத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் கசியத்தான் செய்யும் என்றார். அப்புறம் பரண் மேலிருந்து அந்தப் பழைய தகரப் பெட்டியைத் தானே இறக்கினார். கையில் தூக்கிப் பார்த்தார். திறந்து பார்த்தார். ஆலையில் ஆயிரம் குதிரைச் சக்தி மோட்டாருக்குக் கனெக்‌ஷன் கொடுக்கிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா குழி தோண்டுகிறார், பிள்ளை மண் அள்ளுகிறான். எர்த் குழி. கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குழாய் இறக்கி, வயர் இழுத்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. “கோடையில தண்ணி ஊத்தணும், காய விடக் கூடாது” என்று அவர் சொல்ல, “எத்தனை நாளைக்கு ஒரு தடவைப்பா?” என்று இவன் கேட்க, நான் அடுக்களை ஜன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால்தான்! அடுத்த சம்பளத்தில் அவரே 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று வாங்கி வந்து மேஜைக்கடியில் வைத்தார். கரண்ட் போனால் எழுதியதைச் சேமித்துவிட்டு அணைக்கச் சில நிமிஷம் கிடைக்கும். “விளையாட இல்ல, படிக்க” என்றார்.

விளையாடுகிறானா என்று கேட்டால், விளையாடுகிறான். பணம் கட்டி ஆடுகிற ரம்மி மாதிரி எதுவும் கூடாதென்று முதல் நாளே சத்தியம் வாங்கிவிட்டேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே அதைத் தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. விளையாட்டை நிறுத்த முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கம்ப்யூட்டர் கூடத்தில்தான், அறைக்குள் இல்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரப் பலகை வைத்தோம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி இருபது நொடி பார்க்க வேண்டும். எதிர்ச் சுவரில் அம்மா படம் மாட்டியிருக்கிறேன், அவளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு ரயில் ஓட்டுகிற விளையாட்டைக் காட்டியிருக்கிறான். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளில் இன்ஜின் ஹார்ன் சத்தம் கேட்டால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை முன்பக்க வலையைக் கழற்றி வடிகட்டியைத் தட்டுவது என் வேலை. போன வாரமும் தட்டினேன். பழைய செய்தித்தாள் மேல் மை மாதிரி கரி விழுந்தது. சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, எனக்கு எப்போ கம்ப்யூட்டர்?” என்றாள். புதுச் சீட்டு இன்னும் பதினோரு மாதம் பாக்கி இருக்கிறது.